நாய்க்கடிக்கு ஊசி ஏன் நாலு தடவை?

நாய் கடிச்சுது, ஒரு ஊசி போட்டாச்சு, காயமும் ஆறிடுச்சு. “இனி எதுக்கு?” என்று மீதி ஊசிகளை விட்டுவிடாதீர்கள்.

நம் வெள்ளை அணுக்கள், கிருமியின் மேலுள்ள புரதத்தை வைத்துத்தான் அதை அந்நியன் என்று அடையாளம் காண்கின்றன. அதற்குப் பொருத்தமான ஆன்டிபாடியைத் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ரேபிஸ் வைரஸோ ரத்தத்தில் சுற்றாது. நரம்பு வழியாக நைசா மூளைக்குப் போய்விடும். அணுக்கள் கண்டுகொள்வதற்குள் காலம் கடந்துவிடும். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். அதைக் காட்டித்தான் அணுக்களை முன்கூட்டியே பழக்குகிறோம். தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வருமளவு கடி என்றால், ஆன்டிபாடி உருவாகும்வரை தாக்குப்பிடிக்க, தயாராக உள்ள ஆன்டிபாடியைக் காயத்திலேயே செலுத்துவார்கள். இதற்கும் மறுக்காதீங்க.

கடித்ததும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். அடுத்த ஊசித் தேதிகளை இப்பவே போனில் அலாரமா வெச்சிடுங்க. சந்தேகமா? 104-க்கு கூப்பிடுங்க.