ஒரே விலாசத்தில் பலர்

கொல்கத்தாவில் டால்ஹௌசி சதுக்கத்தைச் சுற்றியிருந்த பெரிய அலுவலகங்களின் டெலிபோன் சுவிட்சுபோர்டை மூத்த அன்பர்கள் சிலர் நினைவுகூரக்கூடும். வெளியார் அறிந்த எண் ஒன்றே. உள்ளேயோ மேஜைக்கு ஒரு டெலிபோன். எந்த மேஜை எந்த வெளியழைப்புடன் இணைந்துள்ளது என்பதைப் பலகையின் முன் அமர்ந்தவரே அறிவார். கணிப்பொறி வலையமைப்பில் ‘விலாச மாற்றம்’ எனப்படுவதும் ஏறக்குறைய இத்தகையதேயாகும்.

இணையத்தின் பழைய விலாசமுறை 32 இலக்க இரும எண்ணால் ஆனது. ஆகவே அதில் சுமார் 429 கோடி விலாசங்களே உண்டு. இவை போதா என்பதை உணர்ந்து, 1994 மே மாதத்தில் எகேவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் இம்முறையை வெளியிட்டனர். குறுகிய காலத்திற்கெனக் கூறப்பட்ட ஏற்பாடு இன்றளவும் நீடிப்பது வியப்பன்று. தற்காலிகக் கொட்டகைகளின் ஆயுளை நாம் அறியாதவரல்லோம்.

பள்ளியொன்றில் 192.168.1.5 என்னும் உள்விலாசமுடைய கணிப்பொறி, 51000 என்ற போர்ட் எண்ணிலிருந்து ஒரு செய்தியை அனுப்புவதாகக் கொள்வோம். வாயிலிலுள்ள ரவுட்டர் அச்செய்தியின் அனுப்புநர் விலாசத்தை அழித்து, 203.0.113.7 என்ற பொது விலாசத்தையும் 40001 என்ற புதிய போர்ட் எண்ணையும் இட்டு வெளியே விடுகிறது. இம்மாற்றத்தைத் தன் அட்டவணையில் ஒரு வரியாகக் குறித்தும் கொள்கிறது. மறுமொழி 40001-க்கு வரும்போது அவ்வரியைப் பார்த்து உரிய கணிப்பொறிக்குச் சேர்ப்பிக்கிறது. சிறிது நேரம் உரையாடல் நிகழாவிடில் வரி நீக்கப்படும். வரியில்லாமல் வெளியிலிருந்து தானாக வரும் செய்திக்குச் சேருமிடம் தெரியாது, அது கைவிடப்படும்.

ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் விலாசக் கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதியை எட்டிப் பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. நாட்டின் முதல் நான்காம் தலைமுறைக் கம்பியில்லாத் தரவுச் சேவை கொல்கத்தாவில் தொடங்கியது 2012 ஏப்ரல் 10 அன்று. அதே மாதத்தில்தான், சேவை நிறுவனங்கள் தம்முள்ளேயே விலாச மாற்றம் செய்துகொள்ள 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான 41,94,304 விலாசங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. இத்தகைய நிறுவனத்தின் இணைப்பில், வீட்டு ரவுட்டர் ஒரு முறையும் நிறுவனம் மறுமுறையும் செய்தியை மாற்றுகின்றன. ஒருவரையொருவர் அறியாத பல குடும்பங்கள் ஒரே பொது விலாசத்தில் தோன்றுகின்றன.

இடர் இங்கேதான் எழுகிறது. பள்ளியில் மாணவன் ஒருவன் தவறு செய்ய, வெளித்தளம் அவ்விலாசத்தைத் தடுத்தால் பள்ளி முழுவதும் தடைப்படும். குற்ற விசாரணையிலோ விலாசத்தை மட்டும் கொண்டு ஆளைத் தேடினால் குற்றமற்றவர் வாயிலில் போய் நிற்க நேரும். விலாசம், போர்ட் எண், நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அட்டவணையின் ஒரு வரியைச் சுட்டும். இரு கடிகாரங்கள் சில விநாடி வேறுபட்டாலும், அதற்குள் அந்தப் போர்ட் எண் வேறொருவருக்குச் சென்றிருக்கலாம். கணிப்பொறிப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, பதிவுகளை 180 நாட்கள் காக்கவும், கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தவும் பணித்தது.

128 இலக்கப் புதிய விலாசமுறையில் இம்மாற்றம் தேவைப்படாது. ஆயினும் பழைய முறை வழங்கும் இடங்களில், புகாரைப் பதிவு செய்யும் களப்பணியாளர் தளத்தாரிடம் போர்ட் எண்ணையும் விநாடி வரையிலான நேரத்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.