ஒரு நிமிஷம் மார்பைப் பாருங்கள்

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும், அவற்றைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமியிலும், ஐப்பசி மழை இறங்கியது முதல் மார்கழிப் பனி விலகும் வரையில் கைக்குழந்தைகளுக்குச் சளி பிடிப்பது வருஷந்தோறும் காணும் சாதாரண விஷயமாகிவிட்டபடியால், அந்தச் சளிகளுள் எது மூக்கோடு நின்றுவிடும், எது நுரையீரலுக்குள் இறங்கும் என்று பிரித்தறியும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் வேரூன்றவில்லை. தாய்மார் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிறார்கள். இருமலைக் கேட்டுக் கவலைப்படுகிறார்கள். சட்டையை விலக்கி மார்பைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால் நுரையீரல் பாதிக்கப்பட்டதா என்று அறிவதற்குக் காய்ச்சலும் இருமலும் சொல்லும் சாட்சியத்தைவிட மார்பு சொல்லும் சாட்சியமே நம்பத்தக்கது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வேலூர் கண்ட உண்மை

இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரம் நம் மாகாணத்திலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலிய வைத்தியர்கள், குழாய் வைத்துக் கேட்காமலும் எக்ஸ்ரே எடுக்காமலும் கண்ணால் காணும் லட்சணங்களைக் கொண்டே குழந்தையின் கீழ்ச்சுவாச நோயைக் கண்டறிய முடியுமா என்று ஆராய்ந்து, 1988ஆம் ஆண்டு ‘லான்செட்’ என்னும் உலகப் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட சிசு நிமிஷத்துக்கு ஐம்பது தடவைக்கு மேலும், அதற்கு மூத்த குழந்தை நாற்பது தடவைக்கு மேலும் மூச்சு விடுமானால், அது நுரையீரல் நோயைப் பெரும்பாலும் சரியாகவே காட்டிக்கொடுக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் இன்று கிராம சுகாதார ஊழியர்களுக்குக் கற்பிக்கும் கணக்கும் ஏறத்தாழ இதுவே: பிறந்து இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதன்பின் ஐந்து வயது வரை 40, இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான சுவாசம்.

எண்ணும் முறை

எண்ணுவது எளிது, பிழையில்லாமல் எண்ணுவதற்குத்தான் சிறிது பொறுமை வேண்டும். அழுகிற குழந்தையையும் பால் குடித்துக்கொண்டிருக்கிற குழந்தையையும் எண்ணக்கூடாது. அது அமைதியாக இருக்கும்போது, இயன்றால் தூங்கும்போது, சேலைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியிலோ பாயிலோ கிடத்தி, சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டு, வயிறும் விலாவும் சேருமிடத்தில் கண்ணை நிறுத்தி, கடிகாரத்தையோ கைபேசியையோ வைத்துக்கொண்டு முழுமையாக ஒரு நிமிஷம் எண்ணவேண்டும். வயிறு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒன்று. அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பது தவறு. ஏனெனில் சிசுக்கள் சில வினாடி வேகமாக மூச்சுவிட்டுச் சில வினாடி நிறுத்துவது இயல்பு. தறி ஓடும் வீடுகளில் அந்த ஒரு நிமிஷம் தறியை நிறுத்திவிடுங்கள். முனகலும் வீசிங் என்னும் விசில் ஓசையும் அந்த இரைச்சலில் கேட்பதேயில்லை.

எண்ணும்போதே மற்றொன்றையும் பார்க்கவேண்டும். ஆரோக்கியமான குழந்தை மூச்சை உள்ளே இழுக்கையில் மார்பும் வயிறும் ஒருசேர எழும். நோய் முற்றிய குழந்தைக்கு வயிறு எழும்; கீழ் விலாவோ உள்ளே குழிந்து விழும். இதைத்தான் நம் கிழவிகள் ‘பள்ளை பறிக்கிறது’ என்பார்கள். மூக்குத்துவாரம் விரிவதும், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் முனகுவதும் இதனோடு சேர்ந்தவை.

நோயை உண்டாக்கும் கிருமிகள்

சிறு குழந்தைகளின் நுரையீரல் நோய்க்கு வைரஸ்களே பெரும் காரணம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக ஏழு தேசங்களில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கடுமையான நிமோனியாக் குழந்தைகளுள் ஏறக்குறைய 60 சதவிகிதத்தினருக்கு வைரஸ்களே காரணமென்றும், அவற்றுள் ஆர்.எஸ்.வி. என்னும் ஒன்று மட்டுமே சுமார் 30 சதவிகிதத்துக்குப் பொறுப்பென்றும் தெரியவந்தது. 1956இல் சிம்பன்ஸிக் குரங்குகளிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கிருமி இது. 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் கண்டறியப்பட்டு ஜனங்களைக் கலங்கவைத்த எச்.எம்.பி.வி. இதன் உறவினம்; அதுவும் புதிதன்று, 2001லேயே நெதர்லாந்தில் அறியப்பட்டது.

ஆர்.எஸ்.வி. சிசுக்களின் மிக நுண்ணிய மூச்சுக்குழல்களை வீங்கச் செய்து சளியால் அடைக்கிறது. வைத்தியர்கள் இதை பிராங்கியோலைட்டிஸ் என்பார்கள். முதலிரண்டு நாள் வெறும் மூக்கொழுகலாக இருந்து, மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையில் உக்கிரமடைவது இதன் சுபாவம். காய்ச்சல் லேசாகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு இருமல்கூட இல்லாமல் மூச்சு இடையிடையே நின்றுபோவதே முதல் அடையாளமாக அமைவதுண்டு.

பரிசோதனைகளின் எல்லை

மூக்குச் சளியைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்தால் வைரஸின் பெயர் தெரியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தப் பெயரால் சிகிச்சை மாறப்போவதில்லை. எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் வைரஸாலா பாக்டீரியாவாலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. சளியின் நிறமும் அதைச் சொல்லாது. ஆகவே, குழந்தை சுமாராக இருக்கையில் வைத்தியர் படம் எடுக்கச் சொல்லவில்லையென்றால் அதை அலட்சியமென்று நினைக்கவேண்டாம். ஆன்டிபயாடிக் மருந்து வைரஸைக் கொல்லாது. எனினும் பாக்டீரியாவும் சேர்ந்திருக்குமோ என்று சந்தேகிக்க இடமிருந்தால் வைத்தியர் அதைக் கொடுப்பார். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் நாமே வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம், அது கூடாது.

மெய்யாகவே பயனுள்ள கருவி ஆக்ஸிமீட்டர். இரத்தத்திலுள்ள பிராணவாயு 90 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால் குழந்தைக்கு ஆக்ஸிஜன் கொடுத்தே ஆகவேண்டும். பெரியவர்களின் விரலில் மாட்டும் கருவி சிசுவின் விரலில் சரியாக நிற்காது. கால் பெருவிரலிலோ பாதத்திலோ சுற்றும் குழந்தைக் கருவியே தேவை.

எண்ணெயும் புகையும்

சளி இளகட்டும் என்று சிசுவின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இப்பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அன்பினால் செய்யப்படுவதுதான், ஆயினும் அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தானே ஒருவகை நிமோனியாவை உண்டாக்குகிறது. தொண்டையில் விரல்விட்டுச் சளி எடுப்பதும் அவ்வாறே ஆபத்தானது. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும்.

சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பல குடும்பங்கள் ஜீவிக்கும் பிரதேசம் இது. பிழைப்பை விடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் மூட்டத்தின் அருகிலும் விறகடுப்பின் அருகிலும் கைக்குழந்தையைக் கிடத்தாதிருக்கலாம். புகை, சிசுவின் சுவாசக் குழல்களின் தற்காப்பைக் குலைத்துவிடுகிறது. பகலில் தாய் வேலைக்குப் போக, குழந்தை பெரும்பாலும் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோதான் இருக்கிறது. ஆகவே எண்ணும் முறையை முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அவர்களே.

நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றரை மாதத்திலும், மூன்றரை மாதத்திலும், ஒன்பதாவது மாதத்திலும் அதைத் தவறாமல் போடவேண்டும். வைரஸை அது தடுக்காவிட்டாலும், அதனோடு சேர்ந்துவரும் பாக்டீரியாவைத் தடுக்கும்.

எப்போது புறப்படுவது

மூச்சு வேகமாக இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்; இரண்டு மாதம் நிரம்பாத சிசுவானால் நேரே பெரிய மருத்துவமனைக்கு. பள்ளை பறித்தாலும், பால் குடிக்க இயலாமற்போனாலும், உதடோ நாக்கோ நீலம் பாரித்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலும், விடியட்டும் என்றோ, வேலைக்குப் போனவர் வந்துவிடட்டும் என்றோ காத்திராமல், நள்ளிரவானாலும் 108க்கு அழையுங்கள்.