யாருக்கு உடல், யாருக்கு மூளை?

குழு விளையாட்டில் சிறந்து விளங்கப் பொது நுண்ணறிவு தேவையா? உளவியல் கேள்வியாகத் தோன்றும் இது, யார் தலைமை ஏற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வியாகவே நெடுங்காலம் பயன்பட்டுள்ளது.

அமெரிக்கன் ஃபுட்பால் விளையாட்டின் என்.எஃப்.எல். லீக், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன் பல பத்தாண்டுகளாக அவர்களுக்கு வொண்டர்லிக் என்ற நுண்ணறிவுத் தேர்வை நடத்தியது. 12 நிமிடங்களில் 50 வினாக்கள். அதன் மதிப்பெண்களை 762 வீரர்களின் ஆட்டத்துடன் ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு, இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு இல்லை எனக் கண்டது. 2022இல் லீக் அத்தேர்வைக் கைவிட்டது.

2012இல் வெளியான ஸ்வீடன் கால்பந்து ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மாறும் சூழலுக்கேற்பத் திட்டமிட்டு உடனுக்குடன் முடிவெடுக்கும் ஆற்றலில், முதல்நிலை வீரர்கள் கீழ்நிலைப் பிரிவு வீரர்களை விஞ்சினர். ஆனால் இது குறிப்பிட்ட ஓர் ஆற்றலே. பொது நுண்ணறிவு எனப்படும் ஒற்றை எண் அன்று.

சான்று இவ்வளவு மெலிந்திருந்தும், ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் இடம் 'சிந்திப்பவர்க்கானது' என்று கூறிக் கறுப்பின வீரர்களுக்கு மறுக்கப்பட்டது. அவ்விடத்தில் ஆடி சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்பினத்தவரான டக் வில்லியம்ஸ், 1988இல்தான் அதைச் சாதித்தார். மூளைக்காயத்துக்கு இழப்பீடு வழங்கும்போதும், கறுப்பின வீரர்களின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைவானது என்று கொள்ளும் கணக்கீடு பயன்பட்டது. அதனால் அவர்கள் பாதிப்பை நிறுவுவது கடினமாயிற்று. எதிர்ப்புக்குப் பின் 2021இல்தான் லீக் அதைக் கைவிட ஒப்புக்கொண்டது.

இந்த வாதத்தின் சாதி வடிவம் நமக்குப் புதிதன்று. தலித் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, புனேயில் ஆடுகளப் பணியாளராக இருந்து, ஐரோப்பியர்களுக்குப் பயிற்சிப் பந்து வீசி வளர்ந்தவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். மட்டையாளரின் மனத்தைக் கணிக்காமல் சுழற்பந்தில் இத்தகைய சாதனை நிகழாது. ஆயினும் பம்பாய்ப் போட்டிகளில் ஆடிய இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவே இல்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு அது 1923இல்தான் கிடைத்தது.

இரு நாடுகளிலும் உழைப்பும் உடலும் ஏற்கப்பட்டன. முடிவெடுக்கும் உரிமை மறுக்கப்பட்டது. ஆகவே அணித் தலைமை, பயிற்சியாளர், தேர்வுக்குழு ஆகிய பொறுப்புகளில் 'தகுதி' பேசப்படும்போதெல்லாம், அது எதைக் கொண்டு, யாரால் அளக்கப்பட்டது என்று நாம் கேட்டாக வேண்டும்.