விழுங்கினால் போதுமா? காசநோய்க் கிருமியும் நம் உடலின் காவல் அணுக்களும்



அண்மையில் படிவம் நான்கு வகுப்பில் கருத்துணர்தல் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். பத்தியில் ஒரு வாக்கியம்: "இரத்த வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன." உடனே ஒரு மாணவர் கேட்டார்: "விழுங்கி அழிச்சிடும்னா எங்க தாத்தாவுக்கு எப்படி டீச்சர் காசநோய் வந்துச்சு? வீட்டுல அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வெச்சிருக்காங்க."

வகுப்பு அமைதியாகிவிட்டது. உயிரியல் என் பாடமில்லை. அன்று என்னிடம் முழுப் பதிலும் இல்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறேன்.

விழுங்குதல் வேறு, செரித்தல் வேறு

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாள். அதே ஆண்டின் இறுதியில் மெட்ச்னிகாஃப் என்ற அறிஞர், நட்சத்திர மீனின் இளம் உயிரியில் முள்ளைக் குத்திப் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்தன. அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்கள் உடலைக் காக்கின்றன என்ற கருத்து அப்படித்தான் பிறந்தது.

நம் நுரையீரலின் நுண்ணறைகளிலும் இப்படிப்பட்ட காவல் அணுக்கள் உண்டு. மேக்ரோஃபேஜ் என்பது அவற்றின் பெயர். பெருவிழுங்கி என்றும் சொல்வார்கள். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளை நாம் சுவாசித்தால், கிருமி இந்த நுண்ணறை வரை போய்விடும். பெருவிழுங்கி அதை விழுங்கி ஒரு சிறு பைக்குள் அடைக்கும். வழக்கமாக, அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த லைசோசோம் அந்தப் பையோடு இணையும். கிருமி கரைந்துபோகும்.

காசநோய்க் கிருமியோ மெழுகு போன்ற கொழுப்புச் சுவர் கொண்டது. தன் கொழுப்புகளாலும் புரதங்களாலும் அந்த இணைப்பையே தடுத்துவிடுகிறது. ஆக, விழுங்கியாயிற்று, ஆனால் செரிக்கவில்லை! காவலர் வீட்டிலேயே தங்கி, மெதுவாகப் பெருகுகிறது. ஒரு முறை இரட்டிப்பாக ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பொறுமைசாலி அது.

வேலியும் அதுவே, ஒளிவிடமும் அதுவே

சில வாரங்களில் டி அணுக்கள் உதவிக்கு வருகின்றன. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருள் பெருவிழுங்கிகளுக்குக் கூடுதல் ஆற்றல் தருகிறது. பல அணுக்கள் ஒன்றுகூடிக் கிருமிகளைச் சுற்றி ஒரு முடிச்சுப் போல அமைகின்றன. இதுதான் கிரானுலோமா. கிருமி வெளியே பரவாமல் தடுப்பதும் இந்த முடிச்சுதான்; அது பல ஆண்டுகள் உறங்க இடம் கொடுப்பதும் இதுவேதான்.

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு மட்டுமே வாழ்நாளில் நோய் வெளிப்படும். முதுமை, நீரிழிவு, எச்.ஐ.வி., ஊட்டச்சத்துக் குறைவு, புகைப்பழக்கம் போன்றவற்றால் காவல் தளரும்போது முடிச்சு சிதைந்து கிருமி வெளிவரக்கூடும்.

"பிறந்தப்பவே பிசிஜி ஊசி போட்டாச்சே?" என்று கேட்கலாம். அந்த ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு அது உறுதியான காப்பு அல்ல.

மருந்து ஏன் ஆறு மாதம்?

பொதுவாக முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் இரண்டு மருந்துகள். சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, "நல்லாயிட்டேன்" என்று தோன்றும். வேகமாகப் பெருகும் கிருமிகள்தாம் அப்போது அழிந்திருக்கும். மந்தமாக ஒளிந்திருப்பவை மிச்சம் இருக்கும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

விளக்கக் கட்டுரையில் "கிருமிக்கும் உடலுக்கும் போர் நடக்கிறது" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். நிகழ்வுகளை வரிசையாகச் சொல்லுங்கள்: முதலில் விழுங்குதல், அடுத்துச் செரிமானம் தடைபடுதல், அதன்பின் முடிச்சு உருவாதல், காவல் தளர்ந்தால் நோய் வெளிப்படுதல். 'தொற்று', 'நோய்' ஆகிய இரு சொற்களையும் மாற்றி எழுதாதீர்கள். கிருமி உறங்கும் நிலையில் இருப்பது தொற்று; அப்போது அது பிறருக்குப் பரவாது. அது விழித்துப் பெருகி உடலைத் தாக்குவது நோய். இந்த ஒரு வேறுபாடு புரிந்தாலே கட்டுரை தெளிவாகிவிடும்.

ஆசிரியர்களே, இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒன்றை மறக்க வேண்டாம். வகுப்பில் யாரோ ஒருவர் வீட்டில் இந்த நோய் இருக்கலாம். அது காற்றின் வழியே பரவும். தட்டு, குவளை வழியாகப் பரவாது. முறையாக மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோருக்குப் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

மறுவாரம் இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். அந்த மாணவர் குறிப்பேட்டில் தட்டு, குவளை பற்றிய வரியை மட்டும் கோடிட்டு வைத்துக்கொண்டார். "வீட்டுல படிச்சுக் காட்டணும் டீச்சர்" என்றார்.