மறைத்தால் மூடும் கதவு

சென்ற வருஷம் நம்மிடம் முன்னாளில் வாசித்த மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். இப்போது அவர் என்ஜினீயர்; குடும்பஸ்தர். கானடாவில் இருக்கும் தமக்கை புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்திருந்தாள். ஆனால் விசா மனுவில் ஒரு கேள்வி அவரைத் தடுத்து நிறுத்திவிட்டது: "எந்தத் தேசத்திலாவது எப்போதாவது குற்றவாளியென்று தீர்ப்புப் பெற்றதுண்டா?"

2019-ல் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காக அவர் கோர்ட்டில் அபராதம் கட்டியிருந்தார்.

"'இல்லை' என்று எழுதிவிடச் சொல்கிறார் ஏஜெண்டு. நம் ஊர் அபராதம் அவர்களுக்கு எப்படித் தெரியுமாம். என்ன செய்யட்டும், சார்?" என்றார்.

அபராதத்தோடு தீர்ந்த காரியம் அற்பமானது என்றுதான் நேயர்களும் நினைப்பார்கள். கானடா சட்டம் அப்படி நினைப்பதில்லை. நம் நாட்டில் என்ன தண்டனை கிடைத்தது என்பதல்ல அதன் அளவுகோல். அதே செயலைக் கானடாவில் செய்திருந்தால் உச்ச தண்டனை என்ன என்பதே கணக்கு. குடித்து வண்டி ஓட்டுவதற்குரிய அந்த உச்ச தண்டனையை 2018 டிசம்பரில் 5 வருஷச் சிறையிலிருந்து 10 வருஷமாக அங்கே உயர்த்திவிட்டார்கள். அதன் பிறகு செய்த இக்குற்றம் பெருங்குற்றங்களின் வரிசையில் சேர்கிறது.

ஆயினும் வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. சிறு குற்றம் ஒன்றே ஒன்றானால், தண்டனை முடிந்து 10 வருஷம் கழிந்தபின் திருந்தியவராகவே சட்டம் கருதக்கூடும். பெருங்குற்றத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எனினும் தண்டனை முடிந்து 5 வருஷமானால், 'நான் திருந்திவிட்டேன். அதை அங்கீகரியுங்கள்' என்று தனியே மனுச் செய்யலாம். தீர்ப்பின் நகல், போலீஸ் நற்சான்று, நடந்ததைப் பற்றிய சொந்த வாக்குமூலம் எல்லாம் சேர்க்க வேண்டும். அதற்கு முன்பே தவிர்க்க முடியாத அவசரம் வந்தால், தற்காலிக அனுமதி கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் உத்தியோகஸ்தர் விருப்பம்.

பொய் சொன்னால்? அகப்பட்டுக்கொண்டால் 5 வருஷம் அத்தேசத்தில் கால் வைக்க முடியாது. பொய்யை எழுதியவர் ஏஜெண்டாக இருந்தாலும் கையெழுத்து நம்முடையதல்லவா? நம் மாணவருக்கோ அபராதம் கட்டி 5 வருஷம் கடந்துவிட்டது. உண்மை சொல்வதற்கு வழி திறந்திருக்கும்போது, பொய் சொல்லக் கூலி கேட்டிருக்கிறார் ஏஜெண்டு!

ஒரு வாரம் கழித்து, கட்டுரை நோட்டை நீட்டுவது போலத் தம் வாக்குமூலத்தை நம்மிடம் நீட்டினார். "நண்பர்கள் வற்புறுத்தியதால் குடித்தேன்" என்று ஆரம்பித்திருந்தது. அந்த வரியின் கீழ்க் கோடிட்டு, "குடித்தது யார், அப்பா?" என்று கேட்டோம். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அன்று பின் இருக்கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள், சார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை" என்றார்.

மறுமுறை கொண்டுவந்த காகிதம் அந்தக் குழந்தையிலிருந்து ஆரம்பித்தது. அதில் நாம் திருத்தியவை இரண்டு எழுத்துப் பிழைகள் மட்டுமே.

மனு போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. கிரகப்பிரவேசமும் முடிந்துவிட்டது. "அடுத்த விசேஷத்துக்குப் போய்க்கொள்கிறேன், சார்" என்றார், போன வாரம் வந்தபோது. கூடவே வந்திருந்த குழந்தை நம் வீட்டு ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள்.