விளக்கெண்ணெய் குடித்தால்தான் பறப்பேன் என்று அடம்பிடிக்கும் விமானம் தெரியுமா?

கட்டைவிரல் பருமனில் ஒரு எஞ்சின். அதன் சிலிண்டர் கொள்ளளவு வெறும் 0.8 சிசி, அதாவது ஒரு டீஸ்பூனில் ஆறில் ஒரு பங்கு! 1956இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து காக்ஸ் நிறுவனம் 'பேப் பீ 049' என்ற பெயரில் இதை விற்பனைக்கு விட்டது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். இதைவிடப் பொடியன் ஒருவனும் அதே வீட்டில் பிறந்தான். 'டீ டீ 010' என்று பெயர், கொள்ளளவு 0.16 சிசி, எடை சுமார் 14 கிராம். அவன் நிமிடத்துக்கு 25,000 சுற்றையும் தாண்டுவான்!

இந்த எஞ்சின்கள் ஓடும்போது ஸ்பார்க் பிளக் கிடையாது, இக்னிஷன் காயில் கிடையாது, பேட்டரியும் கிடையாது. அப்படியானால் உள்ளே தீ மூட்டுவது யார்? குளிர்விப்பது யார்? தேயாமல் காப்பது யார்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில், டாங்கில் இருக்கும் திரவம். மாதிரி விமானக்காரர்கள் அதை 'குளோ ஃபியூயல்' என்பார்கள். மெத்தனால், விளக்கெண்ணெய், விருப்பப்பட்டால் கொஞ்சம் நைட்ரோமீத்தேன். அவ்வளவுதான் சரக்கு! தலைமுறை தலைமுறையாக ஆர்வலர்கள் இதைத் தாங்களே அளந்து கலந்து பறக்கவிட்டிருக்கிறார்கள்.

பேட்டரியைக் கழற்றிய பிறகும் தீ அணையாது, தெரியுமா?

1930களில் மாதிரி விமானம் பறக்க வேண்டுமென்றால் எஞ்சினோடு காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். பாதி பலம் அந்தச் சுமைக்கே போய்விடும். 1947இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சுமை முழுவதும் ஒரே நாளில் தேவையற்றதாகிவிட்டது!

ஒரு குளோ பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் ஒரு குழி. அதற்குள் தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பிச் சுருள், பிளாட்டினம் கலந்த உலோகம். 1.5 வோல்ட் பேட்டரியை மாட்டினால் சுருள் ஆரஞ்சு நிறத்தில் கனலும். புரொப்பெல்லரை விரலால் சுண்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். உடனே பேட்டரியைக் கழற்றிவிடலாம். எஞ்சின் நிற்காது!

ஏன் நிற்காது? மெத்தனால் ஆவி காற்றோடு சேர்ந்து பிளாட்டினத்தைத் தொட்டதும் அந்த உலோகப் பரப்பிலேயே ஆக்ஸிஜனோடு வினைபுரிகிறது. பிளாட்டினம் தேய்வதில்லை, கரைவதில்லை, வினையை மட்டும் தூண்டிவிடுகிறது. அதில் பிறக்கும் சூடு சுருளை அடுத்த சுற்றுவரை கனலவைக்கிறது. பிஸ்டன் மேலேறி அழுத்தும்போது கலவை பற்றிக்கொள்கிறது, அந்தச் சூடு மறுபடி சுருளுக்கு. பெட்ரோலிடம் இந்த வித்தை பலிக்காது. பிளாட்டினத்தின் இந்தக் குணத்தை 1817லேயே ஹம்ஃப்ரி டேவி கண்டுவிட்டார். எரிவாயுவும் காற்றும் கலந்த இடத்தில் சூடான பிளாட்டினக் கம்பியை வைத்தால் சுடரே இல்லாமல் அது கனன்றுகொண்டே இருக்கும் என்று காட்டினார். 130 ஆண்டுகள் கழித்து அது ஒரு பொம்மை விமானத்தின் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது!

நல்லெண்ணெய் தோற்கும் இடத்தில் விளக்கெண்ணெய் ஜெயிக்கும், தெரியுமா?

ஒரு கண்ணாடிக் குப்பியில் மெத்தனாலை ஊற்றி அதன்மேல் விளக்கெண்ணெயை மெல்ல விட்டால், அது கனமான இழைகளாகச் சுருண்டு சுருண்டு அடிக்கு இறங்கும். மூடியைத் திருகிக் குலுக்கினால் இழைகள் மறையும். எதிர்ப்புறம் தெளிவாகத் தெரிகிற, லேசான மஞ்சள் திரவம் ஒன்று மிஞ்சும். மணிக்கணக்கில் வைத்தாலும் பிரியாது. நல்லெண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ இதைச் செய்தால் இரண்டும் தனித்தனி அடுக்காக முறைத்துக்கொண்டு நிற்கும்! காரணம், விளக்கெண்ணெயின் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். அந்த மூலக்கூறின் நடுவில் ஆல்கஹாலில் இருப்பது போன்ற ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமையலறையில் இருக்கும் மற்ற எண்ணெய்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதைவிட அதிசயம் ஒன்று கேளுங்கள். முதல் உலகப் போரில் நோம், லெ ரோன், கிளெர்ஜெ ஆகிய சுழல் எஞ்சின்களும் விளக்கெண்ணெயில்தான் ஓடின. புகழ்பெற்ற சாப்வித் கேமல் விமானத்தின் உயவு எண்ணெயும் அதுதான். ஆனால் அங்கே காரணம் நேர் எதிர்! அந்த எஞ்சின்களில் பெட்ரோல் கலந்த காற்று கிராங்க் பெட்டி வழியாகத்தான் போகும். சாதாரண எண்ணெய் என்றால் பெட்ரோலில் கரைந்து கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்ரோலோடு சேராது என்பதற்காக அங்கே, மெத்தனாலோடு சேரும் என்பதற்காக இங்கே. ஒரே ஆமணக்குக் கொட்டைதான்! எரியாமல் வெளியேறிய எண்ணெய்ப் புகையை மணிக்கணக்கில் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் பாட்டிமார்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

உலகத்துக்கு வேண்டிய விளக்கெண்ணெயில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்துதான் கப்பலேறுகிறது, அதிலும் குஜராத் முதலிடம். ஆக, கலிஃபோர்னியாவில் பறந்தாலும் கீவில் பறந்தாலும் அந்த எஞ்சினின் வயிற்றில் நம் மண்ணில் விளைந்த எண்ணெய் இருக்க நல்ல வாய்ப்புண்டு.

சூட்டைத் தாங்குவதிலும் இதற்கு நிகரில்லை. எரிபொருள் குறைந்து எஞ்சின் கொதிக்கும் ஆபத்தான நேரத்தில் பல செயற்கை எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடும். விளக்கெண்ணெயின் மூலக்கூறுகளோ கைகோத்துக்கொண்டு உலோகத்தின்மேல் கெட்டியான படலமாகப் படிந்துவிடும். பிஸ்டன் பிழைக்கும். அதற்கு விலை, நாளடைவில் எஞ்சினுக்குள் படியும் பழுப்பு வார்னிஷ். அந்த விலையைக் கொடுக்கலாம் என்பதே என் கட்சி. வார்னிஷைச் சுரண்டி எடுக்கலாம், சிராய்த்துப்போன சிலிண்டரை என்ன செய்வது?

ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், தெரியுமா?

பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரின் பெட்ரோலில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்கு எண்ணெய் போதும். இந்தப் பொடி எஞ்சினுக்கு நூற்றுக்கு இருபது! பழைய ஃபாக்ஸ் 35 எஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்னும் கூட்டித்தான் ஊற்றுவார்கள். அதில் பெரும்பகுதி எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே வந்து இறக்கையெல்லாம் பிசுபிசுக்கும். போகும் வழியில் அது உயவூட்டுகிறது, பிஸ்டன் இடுக்கை அடைக்கிறது, சூட்டையும் வாரிக்கொண்டு போகிறது.

பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐ தன் வேகப் போட்டிக்கு வகுத்த கலவை மிக எளிமையானது: 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய். இந்த ஏழைக் கலவையில் என்ன வேகம் வந்துவிடும் என்கிறீர்களா? எஃப்2ஏ பிரிவில் 2.5 சிசி எஞ்சின் பூட்டிய விமானம் 17.69 மீட்டர் கம்பியின் முனையில் வட்டமடிக்கும். ஒன்பது சுற்று போனால் ஒரு கிலோமீட்டர். தேர்ந்தவர்கள் அதைச் சுமார் 12 விநாடியில் முடித்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் மணிக்கு 300 கிலோமீட்டர்! அந்த விமானங்களின் புரொப்பெல்லருக்கு ஒரே ஒரு இதழ்தான், மறுபக்கம் சமன்செய்ய ஓர் எடை.

பலவீனமான எரிபொருள்தான் பலசாலி, தெரியுமா?

ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 44 மெகாஜூல் ஆற்றல். மெத்தனாலில் 20. நைட்ரோமீத்தேனில் சுமார் 11தான்! பிறகு ஏன் பந்தயக்காரர்கள் நைட்ரோவுக்கு உயிரை விடுகிறார்கள்? சூட்சுமம் காற்றில் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.45 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ! தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பங்கைத் தன் மூலக்கூறிலேயே சுமந்து வருகிறது அது. சிலிண்டருக்குள் நுழையும் காற்று எப்போதும் ஒரே அளவுதான். அதே காற்றுக்கு எட்டு மடங்கு எரிபொருளைத் திணிக்க முடிந்தால் பலம் எகிறாதா? அமெரிக்காவின் 'டாப் ஃபியூயல்' பந்தயக் கார்கள் 90 சதவீத நைட்ரோவில் 10,000 குதிரைசக்திக்கு மேல் கக்குவது இப்படித்தான். பொடியன் காக்ஸுக்கு 15 முதல் 30 சதவீதம் வரை பிடிக்கும்.

கலப்பவர்கள் சறுக்குகிற இடமும் இங்கேதான் இருக்கிறது. 10 சதவீதம் என்று யாராவது சொன்னால் கன அளவா, எடையா என்று முதலில் கேட்க வேண்டும். மெத்தனால் லிட்டருக்கு 790 கிராம், விளக்கெண்ணெய் 960 கிராம், நைட்ரோ 1,130 கிராம். கன அளவில் 70, 20, 10 என்று கலந்தால் எடைக் கணக்கில் நைட்ரோ 13 சதவீதத்தைத் தொட்டுவிடும். எண்ணெய் 22 சதவீதம் ஆகிவிடும்.

வெடிபொருள் தயாரிப்புக்குத் திருப்பப்படலாம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவை பொதுமக்கள் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அங்கே பலர் 80-20 கலவைக்கே திரும்பிவிட்டார்கள். பலம் கொஞ்சம் குறைந்தாலும் எஞ்சின் துருப்பிடிப்பதும் குறைகிறது!

பகலில் கண்ணுக்குத் தெரியாத தீ, தெரியுமா?

மெத்தனால் சுடருக்குப் புகையும் இல்லை, மஞ்சள் ஒளியும் இல்லை. வெளிறிய நீலம்தான், வெயிலில் அதுவும் தெரியாது. 1981 இண்டியனாபொலிஸ் பந்தயத்தில் ரிக் மியர்ஸ் என்ற வீரரின் காருக்கு மெத்தனால் நிரப்பும்போது தீப்பற்றியது. அவரும் உதவியாளர்களும் உடம்பில் எதையோ தட்டிக்கொண்டு துள்ளுகிறார்கள், பார்ப்பவர்கள் கண்ணுக்குத் தீயே தெரியவில்லை! ஆகவே கலக்கும் இடத்தில் சிகரெட்டும் கூடாது, ஸ்டவ்வும் கூடாது, மூடிய அறையும் கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து உடம்புக்கு. மெத்தனால் தோல் வழியாகவும் ஏறும், ஆவியாக மூச்சு வழியாகவும் ஏறும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் முதலில் குறிவைப்பது பார்வை நரம்பை. 10 மில்லி உள்ளே போனாலே கண் போய்விடலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்திருந்த இதே மெத்தனால்தான். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் இதை வைத்திருக்க முடியாது, 1959ஆம் ஆண்டு விதிகளே இருக்கின்றன. அது சரியான சட்டம். விமானம் விட ஆசைப்படும் பிள்ளைகள் கிளப்பிலோ என்சிசி விமானப் பிரிவிலோ சேர்ந்து, விவரம் தெரிந்த பெரியவர்கள் கலந்து தருவதைக் கொண்டு பறக்கவிடட்டும். கலப்பவர் கையுறையும் கண்ணாடியும் போட்டே ஆகவேண்டும். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருநாளும் ஊற்றி வைக்கக் கூடாது!

மெத்தனாலுக்கு இன்னொரு குணம், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூடி தளர்ந்த டப்பாவை மழைக்காலத்தில் வைத்துவிட்டால் எஞ்சின் காரணமே சொல்லாமல் இருமத் தொடங்கும்.

பிளக்கே இல்லாத தம்பி ஒருவன் உண்டு, தெரியுமா?

ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், மூன்றும் சமபங்கு. இதுதான் மாதிரி டீசல் எஞ்சினின் பாரம்பரியக் கலவை. குளோ பிளக்கும் வேண்டாம், அழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளும். தலையில் இருக்கும் திருகை முறுக்கி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இங்கிலாந்தில் இதற்குப் பெரிய கூட்டமே இருந்தது.

நாலு லிட்டருக்குள் அட்லாண்டிக்கைத் தாண்டியது, தெரியுமா?

மேனார்ட் ஹில். 77 வயது. சட்டப்படி பார்வையற்றவர், காதும் சரியாகக் கேட்காது. பால்சா மரத்தில் தன் கையால் செய்த மாதிரி விமானத்தை 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையிலிருந்து ஏவினார். எஃப்ஏஐ விதிப்படி மொத்த எடை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. அதில் ஏறக்குறைய பாதி எரிபொருள்! இவ்வளவு தூரத்துக்கு மெத்தனால் சரிப்படாது என்று அவர் கணக்குப் போட்டார். கிலோவுக்குப் பெட்ரோலின் பாதி ஆற்றல்கூட இல்லாத திரவத்தைச் சுமந்து கடலைத் தாண்ட முடியுமா? நான்கு-ஸ்ட்ரோக் ஓ.எஸ். எஞ்சினைத் தன் தேவைக்கு மாற்றி அமைத்து, முகாம் விளக்குகளில் ஊற்றும் கோல்மன் எரிபொருளை எண்ணெயோடு கலந்து நிரப்பினார். அது மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல், 38 மணி 52 நிமிடம் பறந்து அயர்லாந்துக் கரையில் இறங்கியது. டாங்கைத் திறந்து பார்த்தபோது மிச்சம் இருந்தது இரண்டு அவுன்ஸுக்கும் குறைவு!