தார்க்குச்சிக்கு வந்த மின்சாரம்

நெல்லைச் சீமையில் மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குத் தார்க்குச்சி தெரியாமல் இராது. கம்பின் நுனியில் ஓர் ஆணி. மாடு சுணங்கினால் ஒரு குத்து. அந்தக் குத்து, மாடு செத்த பிறகும் தோலில் வடுவாக நிற்கும். வடு விழுந்த தோலுக்கு விலை குறைவு என்பது தாராவியில் தோல் வேலை பார்த்த நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வண்டி மாடுகளை ஆணிக் கம்பால் குத்தி ஓட்டுவதை 1965-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசின் விதிகள் தடை செய்துவிட்டன. வெளிநாடுகளில் ஆணியின் இடத்தை மின்சாரம் பிடித்தது.

வடு இல்லை, வலி உண்டு

மின் தார்க்குச்சி பார்ப்பதற்கு நீண்ட டார்ச் லைட் போல இருக்கும். உள்ளே பேட்டரி. அதன் மின் அழுத்தத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும் கருவியும் உண்டு. நுனியிலுள்ள இரண்டு உலோக முனைகளை மாட்டின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால் சுரீர் என்று பாயும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் வலிக்குமே தவிர, தோலில் ஓட்டை விழாது.

தோல் தப்பினாலும் கறி தப்பாது. வெகு நேரம் மிரண்டு தவிக்கும் மாட்டின் தசையில் உள்ள சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகிறது. அதன் இறைச்சி கறுத்து, விறைத்து, சீக்கிரம் கெட்டுவிடும்.

ஆட்டுக்கு ஆகாது

உலக விலங்குகள் சுகாதார அமைப்பின் நெறிமுறை தெளிவானது. பெரிய மாடு, பன்றி ஆகியவற்றின் பின்தொடைப் பகுதியில் மட்டுமே இதை வைக்கலாம். முன்னால் நகர இடம் இருக்க வேண்டும். ஆடு, கன்று, குதிரைக்குக் கூடவே கூடாது. ஒரு தடவைக்கு ஒரு வினாடிக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஐரோப்பியக் கூட்டமைப்பின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம்.

செம்பூரை அடுத்த தேவ்னார் இறைச்சிக்கூடம் 1971-இல் பாந்த்ராவிலிருந்து இடம் மாறி வந்தது. பக்ரீத் சமயத்தில் அங்கே லட்சக்கணக்கில் வந்து குவிபவை ஆடுகள்தான். மேற்படி நெறிமுறைப்படி, அந்த ஆடுகளிடம் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை.

வழியைச் சரி செய்தால் போதும்

மாடு நகர மறுப்பது பிடிவாதத்தால் அல்ல என்று எடுத்துக்காட்டியவர் டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. இருட்டு வாசல், தரையில் மின்னும் தண்ணீர், தொங்கும் சங்கிலி, வழுக்கும் தரை ஆகியவையே அதை நிறுத்துகின்றன. இவற்றை அகற்றினால் பெரும்பாலான மாடுகள் தாமாகவே நடக்கும் என்கிறார் அவர்.

நம் ஊர்க் கீதாரிகளுக்கு இது புதிதல்ல. மணி கட்டிய ஓர் ஆடு முன்னே போனால் மந்தை முழுவதும் பின்னே வரும். அதற்குப் பேட்டரி தேவையில்லை.